ஒரு நிஜ மரபணுவை நோட்டில் எழுதி, நகலெடுத்து, படித்து, பிழை வைத்துப் பார்ப்பது எப்படி

டி.என்.ஏ பாடத்தை வரிக்கு வரி ஒப்பிக்கத் தெரிந்தவரிடம் போய், "சரி, இந்த 33 எழுத்திலிருந்து என்ன புரதம் வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. இரட்டிப்பாதல் (நகலெடுப்பது) ஒரு பாடம், படியெடுத்தல் (மரபணுவைப் படிப்பது) அடுத்த பாடம், சடுதி மாற்றம் (எழுத்தில் வரும் பிழை) எங்கோ கடைசியில் என்று பிரித்துப் பிரித்துப் படிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டி.என்.ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்று எழுத்தால் குறிக்கும் நான்கு வேதிப்பொருள்களின் வரிசை, மூன்று பாடமும் ஒரே விதியிலிருந்து வருகின்றன: ஏ வந்தால் எதிரே டி, ஜி வந்தால் எதிரே சி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஒரு நிஜ மரபணுவின் ஆரம்ப வரியை எடுத்து, பென்சிலால் நாமே செய்துவிட்டால் அப்புறம் மறக்காது.

தேவையானவை: கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், இரண்டு நிறப் பேனா, ஒரு கோடான் அட்டவணை (எந்த மூன்று எழுத்துக்குப் புரதத்தின் எந்தத் துண்டு என்று சொல்வது). அட்டவணை எந்த பிளஸ் டூ உயிரியல் புத்தகத்திலும் இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்தத் துறையில் வேலை செய்பவர்களே அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

நாம் எடுக்கப்போகும் மரபணு பீட்டா குளோபின், அதாவது எச்.பி.பி. மனிதரின் 11-வது குரோமோசோமில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை இதுதான் தருகிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு எழுத்து மாறினால் உடம்பில் என்ன ஆகும் என்று மனிதர்கள் முதன்முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டது இந்தப் புரதத்தில்தான், அந்த எழுத்தும் நாம் எழுதப்போகும் முதல் வரியிலேயே இருக்கிறது.

கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, மூன்று மூன்றாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி டிசிடி ஜிசிசி

இடது ஓரத்தில் 5′ என்றும் வலது ஓரத்தில் 3′ என்றும் குறித்து வையுங்கள். இந்த இரண்டு எண்களைத்தான் மாணவர்கள் அலட்சியமாக விடுவார்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. டி.என்.ஏ இழைக்குத் திசை உண்டு. அந்த எண்கள் சர்க்கரை மூலக்கூறில் உள்ள கார்பன்களின் எண்கள், எந்தக் கார்பன் எந்த முனையில் வெளியே தெரிகிறது என்பதைச் சொல்கின்றன.

டி.என்.ஏ-வில் இழைகள் இரண்டு, இப்போது அடியில் எதிர் இழை:

டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி சிடிசி டிடிசி ஏஜிஏ சிஜிஜி

இந்த இழை தலைகீழாக ஓடுகிறது, அதனால் இதற்கு இடது ஓரம் 3′, வலது ஓரம் 5′. ஏ-யும் டி-யும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால், ஜி-யும் சி-யும் மூன்றால் சேர்ந்திருக்கின்றன. எந்த உயிரினத்தின் டி.என்.ஏ-வை எடுத்தாலும் ஏ-யும் டி-யும் கிட்டத்தட்ட சம அளவில் இருக்கின்றன, ஜி-யும் சி-யும் அப்படியே என்று எர்வின் சார்காஃப் அளந்து சொன்னார், ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களும் சேர்ந்து, 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் வடிவத்தை முன்வைத்தபோதுதான் அந்தக் கணக்குக்கு அர்த்தம் கிடைத்தது.

நகலெடுப்பதற்கு இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தில் மேல் இழையை மட்டும், அடுத்த பக்கத்தில் கீழ் இழையை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிர் இழையை வேறு நிறத்தில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கையில் இருப்பது இரண்டு டி.என்.ஏ, இரண்டிலும் ஓர் இழை பழசு, ஓர் இழை புதுசு. செல்லுக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது என்பதை 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன் கொடுத்து வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, டி.என்.ஏ-வின் அடர்த்தியைப் பார்த்து நிரூபித்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்தது கனமானதும் இல்லை, லேசானதும் இல்லை, சரியாக நடுவில் இருந்தது. நோட்டில் இரண்டு நிறம் கலந்து இருக்கிறதே, அதேதான்.

செல் இதை அவ்வளவு சுலபமாகச் செய்வதில்லை. இழைகளைப் பிரிப்பது ஹெலிகேஸ் என்ற நொதி, புது எழுத்துகளைச் சேர்ப்பது டி.என்.ஏ பாலிமரேஸ். இந்தப் பாலிமரேஸுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஏற்கனவே இருக்கும் ஓர் இழையின் 3′ முனையில் மட்டும்தான் எழுத்து சேர்க்கும். நோட்டில் இதையும் கடைப்பிடித்துப் பாருங்கள். இழைகள் இடமிருந்து வலமாகப் பிரிந்துகொண்டே போகின்றன என்று வையுங்கள். கீழ் இழைக்கு எதிரே புது இழை எழுதும்போது 5′ இடது பக்கம் வரும், அதனால் பிரியப் பிரிய இடமிருந்து வலமாக நிற்காமல் எழுதிக்கொண்டே போகலாம். மேல் இழைக்கு அப்படி முடியாது. அங்கே புது இழையின் 5′ வலது பக்கம் வர வேண்டும், வலமிருந்து இடமாக எழுத வேண்டும், ஆனால் பிரிவதோ வலது பக்கம் நோக்கி. என்ன செய்வது? கொஞ்சம் பிரியும்வரை காத்திருந்து, வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக ஒரு துண்டு எழுதி, இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் மறுபடி வலது ஓரத்துக்குப் போய் இன்னொரு துண்டு எழுத வேண்டும். 11, 11 எழுத்தாக மூன்று துண்டில் எழுதிப் பாருங்கள், கை தானாகவே புரிந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகி, ட்சுனேகோ ஒகசாகி தம்பதியர், அதனால்தான் இவை ஒகசாகி துண்டுகள். நம்முடைய செல்களில் ஒரு துண்டு 100 முதல் 200 எழுத்து, பாக்டீரியாவில் 1000 முதல் 2000. ஒவ்வொரு துண்டும் தொடங்குவதற்குப் பிரைமேஸ் என்ற நொதி, டி.என்.ஏ-வுக்கு நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ-வில் ஒரு குட்டித் துண்டைப் போட்டுக் கொடுக்கும், பிறகு அதை நீக்கி டி.என்.ஏ-வால் நிரப்பி, லைகேஸ் நொதி துண்டுகளை ஒட்டிவிடும். நொதிகளின் பெயர்ப் பட்டியல் பரீட்சைக்கு வேண்டும்தான், ஆனால் அந்த 3′ கட்டுப்பாடு புரிந்துவிட்டால் ஒவ்வொரு நொதியும் ஏன் தேவைப்படுகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வேகத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். மனித செல்லில் ஒரு பாலிமரேஸ் நொடிக்குச் சுமார் 50 எழுத்து சேர்க்கிறது. 11-வது குரோமோசோமில் சுமார் 13.5 கோடி எழுத்துகள். ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போனால்கூட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் மொத்த வேலையும் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடிகிறது, ஏனென்றால் எல்லாக் குரோமோசோம்களிலும் சேர்த்து ஆயிரக்கணக்கான இடங்களில் வேலை நடக்கிறது.

அடுத்தது படிப்பது. டி.என்.ஏ-விலிருந்து நேராகப் புரதம் வராது, நடுவில் தூது ஆர்.என்.ஏ வேண்டும். எந்த இழையைப் பார்த்து அதை எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கீழ் இழையைப் பார்த்து எதிர் எழுத்துகளை எழுதுங்கள், டி வர வேண்டிய இடத்தில் யூ போடுங்கள், அவ்வளவுதான். கிடைப்பது:

ஏயூஜி ஜியூஜி சிஏயூ சியூஜி ஏசியூ சிசியூ ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி யூசியூ ஜிசிசி

மேல் இழையையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், டி இருந்த இடத்தில் யூ, மற்றபடி அதே எழுத்துகள். அச்சாக இருப்பது கீழ் இழை, கிடைப்பது மேல் இழையின் சாயல். டி.என்.ஏ-விலேயே யூ எழுதிவிட்டால் அங்கேயே நிறுத்தி அழித்துவிடுங்கள், அது ஆர்.என்.ஏ-வின் எழுத்து.

உண்மையில் இந்த மரபணு நடுநடுவே வெட்டுப்பட்டது. புரதத்துக்குப் போகும் பகுதிகள் மூன்று, அவற்றுக்கு இடையில் புரதத்துக்குப் போகாத பகுதிகள் இரண்டு. முழுசாகப் படியெடுத்துவிட்டு, தேவையில்லாத இரண்டையும் செல் வெட்டி எடுத்து ஒட்டிவிடுகிறது. நம் வரி முதல் பகுதிக்குள்ளேயே இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, இந்த மரபணு உங்கள் தோல் செல்லிலும் இருக்கிறது, கல்லீரலிலும் இருக்கிறது. ஆனால் மும்முரமாகப் படிக்கப்படுவது எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறிக்கொண்டிருக்கும் செல்களில்தான்.

இப்போது அட்டவணையை எடுங்கள். மூன்று எழுத்து ஒரு கோடான், ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. மொத்தம் 64 கோடான்கள், அதில் 61 அமினோ அமிலங்களுக்கு, மீதி மூன்று (யூஏஏ, யூஏஜி, யூஜிஏ) நிறுத்தச் சொல்பவை. வரிசையாக எழுதினால்: மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லைசின், செரின், அலனின். ஒரு நிஜ மனிதப் புரதத்தின் தொடக்கத்தை நீங்களே வாசித்துவிட்டீர்கள். ஒவ்வொரு கோடான் அருகிலும் அமினோ அமிலத்தின் பெயரை எழுதி வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த அட்டவணை சும்மா வந்துவிடவில்லை. 1961-ல் நிரென்பர்க்கும் மத்தேயும் யூ மட்டுமே உள்ள ஆர்.என்.ஏ-வைச் சோதனைக்குழாயில் போட்டபோது ஃபீனைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி கிடைத்தது, முதல் கோடான் அப்படித்தான் தெரிந்தது. பிறகு ஹர் கோபிந்த் குரானா, எழுத்து வரிசை தெரிந்த ஆர்.என்.ஏ-க்களைத் தானே தயாரித்து மற்ற கோடான்களை உறுதிப்படுத்த வழி செய்தார். நிரென்பர்க், குரானா, ஹாலி மூவருக்கும் 1968-ல் நோபல் பரிசு.

செல்லுக்குள் அட்டவணையைப் பார்த்துச் சொல்வது யார்? கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் மூன்று எழுத்து, மறுமுனையில் அமினோ அமிலம். தூது ஆர்.என்.ஏ-வின் ஜிஏஜி-க்கு எதிரே சியூசி உள்ள கடத்து ஆர்.என்.ஏ வந்து உட்காரும், அதே ஜோடி விதி இங்கேயும். இந்தச் சேர்க்கை நடக்கும் இடம் ரைபோசோம். ஜோடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ரைபோசோம் எப்படி உணர்கிறது என்பதை அணு அளவில் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2009 வேதியியல் நோபல் பரிசை ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிழை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஆபத்தில்லாத ஒன்று. ஏழாவது கோடான் ஜிஏஜி-யில் கடைசி எழுத்தை ஏ ஆக்குங்கள், ஜிஏஏ. அட்டவணையைப் பாருங்கள், மறுபடியும் குளுட்டாமிக் அமிலம்தான். டி.என்.ஏ மாறிவிட்டது, புரதம் மாறவில்லை. சடுதி மாற்றம் என்றாலே கேடு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். நாம் ஒவ்வொருவரும் அப்பா அம்மாவிடம் இல்லாத சுமார் 60, 70 புது மாற்றங்களோடு பிறக்கிறோம், அவற்றில் பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை.

இப்போது அதே கோடானில் நடு எழுத்து. ஜிஏஜி, ஜிடிஜி ஆகிறது. குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின். குளுட்டாமிக் அமிலத்துக்கு மின்னூட்டம் உண்டு, நீரோடு ஒத்துப்போகும். வாலின் நீரை விட்டு விலகும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் இந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு குழிவில் போய்ப் பொருந்திக்கொள்கிறது, அது அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு என்று நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன, சீக்கிரம் உடைந்தும் போகின்றன. இதுதான் கதிர் அரிவாள் ரத்த சோகை. 1910-ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் அந்த வளைந்த அணுக்களைப் பற்றி எழுதினார், 1949-ல் லைனஸ் பாலிங் குழுவினர் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்றார்கள், 1956, 57-ல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ராம் மாறியது ஒரே ஒரு அமினோ அமிலம் என்று காட்டினார். ஒரு விஷயம், புத்தகங்களில் இதை ஆறாவது இடம் என்று எழுதியிருப்பார்கள், உங்கள் நோட்டில் ஏழாவது வரும். இரண்டும் சரிதான். முதல் மெத்தியோனினைச் செல் பிறகு வெட்டிவிடுகிறது, அதனால் பழைய எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.

அந்த ஏ எப்படி டி ஆனது என்பதையும் நோட்டிலேயே செய்து பார்க்கலாம், இதைத் தவற விடாதீர்கள். நகலெடுக்கும்போது மேல் இழையின் அந்த ஏ-க்கு எதிரே டி போடுவதற்குப் பதிலாகத் தவறிப்போய் ஏ போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது ஏ-க்கு எதிரே ஏ, பொருந்தாத ஜோடி. இது இன்னும் சடுதி மாற்றம் ஆகவில்லை, திருத்த வாய்ப்பு இருக்கிறது. திருத்தாமல் இன்னொரு தடவை இரண்டு இழைகளையும் பிரித்து நகலெடுங்கள். பழைய ஏ-க்கு எதிரே டி வரும், அந்த டி.என்.ஏ சரியாகிவிட்டது. தவறாகப் போன ஏ-க்கு எதிரேயும் விதிப்படி டி வரும், அந்த டி.என்.ஏ-வில் இப்போது ஜிடிஜி, எதிரே சிஏசி, ஜோடி கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. இனி எந்தத் திருத்தும் நொதிக்கும் இது பிழை என்று தெரிய வழியே இல்லை. பிழையைச் சரிசெய்யும் அதே ஜோடி விதிதான் பிழையை நிரந்தரமாகவும் ஆக்குகிறது.

அதனால்தான் செல் திருத்த வேலையை அடுத்த நகலுக்கு முன்பே முடிக்கப் பார்க்கிறது. பாலிமரேஸ் ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு தடவை தவறாகப் போடும், பெரும்பாலும் தானே பின்வாங்கி எடுத்துவிடும், தப்பியதை இன்னொரு நொதிக் கூட்டம் தேடிச் சரிசெய்யும். கடைசியில் மிஞ்சுவது நூறு கோடியில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. நகலெடுக்கும்போது மட்டும்தான் பிழை வரும் என்றும் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பக்கத்துப் பக்கத்து டி-களை ஒட்ட வைத்துவிடும், சிகரெட் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் ஜி-யில் போய் ஒட்டும், எதுவுமே செய்யாவிட்டாலும் சி அவ்வப்போது தானாகவே யூ ஆகிவிடும். ஆனால் இவற்றில் எதுவும் தேவையைப் பார்த்து நடப்பதில்லை. 1943-ல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாவை வைத்து இதைக் காட்டினார்கள், வைரஸைத் தாங்கும் மாற்றம் வைரஸ் வருவதற்கு முன்பே சில பாக்டீரியாவில் இருந்தது.

அப்படியானால் இந்த ஜிடிஜி ஏன் இத்தனை பேரிடம் இருக்கிறது? பொதுவாக அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் ஜிடிஜி வந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லாமல் வாழ்கிறார்கள், கூடவே கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. 1954-ல் ஆன்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா நிறைந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் இது தங்கிவிட்டது. இந்தியாவில் இதன் ஆரம்பப் பதிவுகளில் ஒன்று நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-ல் லேமனும் கட்புஷும் செய்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரு பக்க ஜிடிஜி உள்ளவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு, அதனால் ரத்தப் பரிசோதனை முக்கியம். ஆனால் அந்த எழுத்து இருக்கிறது என்பதற்காக ஒருவரையோ ஒரு சமூகத்தையோ தள்ளி வைப்பது கொடுமை, அவர்களின் முன்னோர் மலேரியாவில் பிழைத்ததற்கு இதே எழுத்தும் ஒரு காரணம். 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்ஜெவி மரபணுச் சிகிச்சைகூட இந்த எழுத்தைத் திருத்துவதில்லை. வேறொரு மரபணுவில் கை வைத்து, கருவில் இருக்கும்போது இயங்கிய ஹீமோகுளோபினை மறுபடி இயங்க வைக்கிறது. அதே கோடானில் முதல் எழுத்தை ஏ ஆக்கினால், ஏஏஜி, லைசின் வரும், அது ஹீமோகுளோபின் சி, மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படுவது.

கடைசிப் பயிற்சி, எழுத்தை மாற்றாமல் ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது. இதற்கு இன்னும் கொஞ்சம் வரிசை வேண்டும், முதல் வரியைத் தொடர்ந்து இதை எழுதுங்கள்:

ஜிடிடி ஏசிடி ஜிசிசி சிடிஜி டிஜிஜி ஜிஜிசி ஏஏஜி ஜிடிஜி ஏஏசி ஜிடிஜி ஜிஏடி ஜிஏஏ

முதல் வரியில் வந்த ஏஏஜி-க்கும் டிசிடி-க்கும் நடுவில் ஒரே ஒரு ஜி-யைச் செருகுங்கள். இது கற்பனை இல்லை, இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா குளோபின் போதுமான அளவு உருவாகாத ரத்த நோய்) பொதுவாகக் காரணமாகும் மாற்றங்களில் ஒன்று. அங்கிருந்து மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்தால்: ஜிடிசி, டிஜிசி, சிஜிடி, டிஏசி, டிஜிசி, சிசிடி, ஜிடிஜி, ஜிஜிஜி, சிஏஏ, ஜிஜிடி, ஜிஏஏ, சிஜிடி, ஜிஜிஏ, டிஜிஏ. செரின் இருந்த இடத்தில் வாலின், அலனின் இருந்த இடத்தில் சிஸ்டைன், ஏறக்குறைய எல்லாமே வேறு, கடைசியில் டிஜிஏ, ஆர்.என்.ஏ-வில் யூஜிஏ, நிறுத்து. 146 அமினோ அமிலம் நீள வேண்டிய புரதம் தொடக்கத்திலேயே அறுந்துவிடுகிறது, அந்தப் பிரதியிலிருந்து வேலைக்கு ஆகும் பீட்டா குளோபின் வராது. ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் ஓர் எழுத்தைச் செருகுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை பத்தி படித்தாலும் இந்த ஒரு வரி அளவுக்குப் புரியாது.

மீதி வரிசையும் வேண்டுமென்றால் அமெரிக்காவின் உயிரியல் தகவல் மையமான என்.சி.பி.ஐ-யின் தளத்தில் என்.எம்._000518 என்று தேடுங்கள், பீட்டா குளோபினின் தூது ஆர்.என்.ஏ வரிசை இலவசமாகக் கிடைக்கும். அங்கே யூ-க்குப் பதில் டி என்றே போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள், முன்னால் உள்ள 50 எழுத்து புரதமாகாது, 51-வது எழுத்தில்தான் நம் ஏடிஜி தொடங்குகிறது. அங்கிருந்து 147 கோடான்கள் போனதும் டிஏஏ வர வேண்டும். அதற்கு முன்பே நிறுத்தக் கோடான் வந்துவிட்டால் நடுவில் எங்கோ ஓர் எழுத்தை விட்டிருக்கிறீர்கள் அல்லது இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், பத்துப் பத்துக் கோடானாகப் பின்னால் போய்ச் சரிபாருங்கள்.